இடது காதும் இரண்டு ஹெட்போன்களும்

என் நாத்தனார் அந்த ஹெட்போனைப் பெட்டியிலிருந்து முதன்முதலாக எடுத்தபோது, ஏதோ வெளிநாட்டு இடியாப்பத் தட்டு என்றுதான் நினைத்தேன். உள்ளங்கையை விரித்து வைத்தாலும் மூட முடியாத இரண்டு வட்டங்கள். வெளிப்புறம் முழுக்கக் கம்பி வலை, உள்புறம் காதைச் சுற்றி உட்காரும் தடித்த தோல் மெத்தை, இரண்டையும் இணைக்கும் எஃகுப் பட்டை. தலையில் மாட்டிப் பார்த்தேன். கழுத்து தானாக முன்னால் சாய்ந்தது. "எதுக்கு அண்ணி இவ்ளோ வெயிட்டு?" என்றேன். "இத மாட்டிக்கிட்டு மாவா ஆட்டப் போறேன்? சும்னே உக்காந்து கேக்கத்தானே கணே," என்று சொல்லி ஒரு வீணைக் கச்சேரியைப் போட்டுவிட்டார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த என் கணவர் வீட்டில் தமிழும் கன்னடமும் ஒரே தட்டில் பிசைந்த சோறு மாதிரி. 'சும்னே' என்றால் சும்மா; அந்த 'கணே' என்பது நாத்தனார் என்னைச் செல்லமாகக் கூப்பிடும் விதம்.

அவர் என் கணவரின் அக்கா. மைசூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவருடைய கணவர் கப்பலில் வேலை பார்த்தார். வருடத்தில் பாதி நாள் கடலில். மண்டி மொஹல்லாவில் ஒரு வெல்லக் கடைக்கு மேலே மாடி வீடு. கீழே சந்தில் ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டே இருக்கும். மேலே வந்தால் வெல்ல வாசனையும் அவர் வைத்திருக்கும் பாட்டும். மற்ற பெண்கள் வளையலும் பட்டுச் சேலையும் வாங்க நினைக்கிற ஆசையை எல்லாம் அவர் இந்த ஒரு பொருளில் வைத்திருந்தார். நான் ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஸ்கூட்டரில் அவர் வீட்டுக்குப் போய் மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டு வருவது என் பழக்கம். என் கணவருக்கு ஞாயிறு என்றால் கிரிக்கெட் மைதானம். அதனால் நாங்கள் இருவர் மட்டும்தான்.

அந்த ஹெட்போனின் சங்கதியை எனக்கு அவர் பல தடவை விளக்கியிருக்கிறார். சாதாரண ஹெட்போனில் ஒரு சின்னக் கூம்பு முன்னும் பின்னும் அதிரும். இதில் கூம்பு கிடையாது. வெங்காயச் சருகைவிட மெல்லிய ஒரு தாள், காந்தங்களுக்கு நடுவே விறைப்பாக நின்று, முழுப் பரப்பும் ஒன்றாக அசையும். அவ்வளவு காந்தம் இருப்பதால்தான் அவ்வளவு எடை. 'ப்ளேனர்' என்று பெயர். இந்தப் பைத்தியம் பிடித்த இன்னொருவர் அதே ஆஸ்பத்திரியில் இருந்தார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். அவருடைய அம்மா கொங்கு நாட்டு எல்லையை ஒட்டிய ராமாபுரத்துக்காரர். அதனால் கொங்குத் தமிழ் மாதிரி ஒரு தமிழ் பேசுவார். அவரும் அதே கம்பெனியில், இதைவிட உசத்தியான மாடல் ஒன்றை வாங்கியிருந்தார். எதில் சத்தம் நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேரும் ஆஸ்பத்திரி கேன்டீனில் வருஷக்கணக்காக வாதாடினார்கள். ஒரு தடவைகூட இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டதில்லை.

ஒரு ஏப்ரல் மாதத்தில் நாத்தனார் பாட்டுக் கேட்பதை நிறுத்திவிட்டார். நான் போனால் ஹெட்போன் அதன் பெட்டிக்குள், பெட்டி அலமாரியின் மேல்தட்டில். வெயில் காலம், காது வேர்க்கிறது என்றார். நானும் நம்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு அவரே பெட்டியை இறக்கி என் தலையில் மாட்டினார். "நல்லா கவனிச்சுச் சொல்லு. தம்புரா, மிருதங்கத்துல கும்முனு விழற தொப்பி, ரெண்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணாக் கேக்குதா? இடது பக்கம் சன்னமா இருக்கா?" என் காதுக்கு எல்லாம் ஒன்றுதான். இசை என்றால் எனக்கு சர்ச் கொயரும் பஸ் ரேடியோவும். ஏதோ பரீட்சை வைக்கிறார், தெரியாது என்று சொன்னால் அசடாகிவிடுவோம் என்ற பயத்தில், "ஒண்ணாத்தான் கேக்குது அண்ணி. சூப்பரா இருக்கு," என்று அடித்துவிட்டேன். அவர் முகம் ஒரு கணம் இறங்கியது. பிறகு, "சரி, சாப்பிட வா," என்றார்.

அந்த முகம் எதற்காக இறங்கியது என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அன்று அறிவில்லை. என் மாமியாருக்கு ஐம்பத்தைந்து வயதிலேயே காது போய்விட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரும் சிரிக்கும்போது சிரித்தார். காதில் விழாத கேள்விக்கெல்லாம் "ஆமா ஆமா" என்றார். கொஞ்சம் கொஞ்சமாக விருந்தாளி வந்தால் அறையை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் நாத்தனார். அந்த ஏப்ரலில் அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

மே மாதத்தில், எவ்வளவோ நாள் பேச்சாகவே இருந்த போட்டிக்கு நாள் குறித்து, டாக்டர் தன் ஹெட்போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரிய எவர்சில்வர் டிபன் கேரியர் வைக்கிற பையில், துண்டில் சுற்றி, குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி. நாத்தனாருக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. பிரியாணிக்கு வெங்காயம் வதக்க வேண்டும் என்று சமையலறைக்குள் போய்விட்டார். டாக்டர் என் பக்கம் குனிந்து, "ஏனுங்க டீச்சர், சிஸ்டர் தியேட்டர விட்டுட்டு ஓ.பி.டி.க்குப் போறாங்களாமா? லெட்டர் குடுத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தியேட்டர் அவருக்கு வேலை மட்டும் இல்லை, அவருடைய பெருமை. சர்ஜன் கை நீட்டுவதற்கு முன்னால் கருவி அந்தக் கையில் இருக்கும் என்று மற்ற நர்ஸுகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"அண்ணி, லெட்டர் குடுத்தீங்களா?"

அவர் அடுப்பைக் குறைத்தார். திரும்பவில்லை. "பெரிய சர்ஜன் சொல்றது எனக்குச் சரியாக் கேக்கல கணே. ஒரே வாரத்துல ரெண்டு தடவ, 'என்ன சார்?'னு திருப்பிக் கேட்டேன். மூணாவது தடவ கேக்காமயே தப்பா எடுத்துக் குடுத்துட்டா? டேபிள் மேல படுத்திருக்கிறது ஒரு உயிரு."

"அன்னிக்கு இடது பக்கம் சன்னமான்னு கேட்டீங்களே, அது ஒருவேள ஹெட்போன்ல கோளாறா..."

"அத நீயே பாத்துச் சொன்னியே, ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்குன்னு. எனக்கு இடது பக்கம் கீழ்ச் சுருதியே இல்ல. திருப்பி மாட்டிப் பாத்தேன், எல்.ல ஆர்., ஆர்.ல எல். அப்ப ரெண்டு காதுலயும் இல்ல. எங்கம்மாவுக்கு வந்த மாதிரியே எனக்கும் ஆகுது."

வெங்காயம் கருக ஆரம்பித்தது. நானே அடுப்பை அணைத்தேன். பள்ளிக்கூடத்தில் தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் குழந்தைகளைத் தினமும் பிடிக்கிறவள் நான். "அண்ணி, அன்னிக்கு நான் பொய் சொன்னேன். எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு," என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கரண்டியைக் கீழே வைத்தார். நேராகக் கூடத்துக்கு நடந்தார். டாக்டரிடம், "உங்களுத குடுங்க," என்று கை நீட்டினார்.

டாக்டருடைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். அதே மிருதங்கப் பதிவு. கண்ணை மூடினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் விழும் இடம் வந்ததும் அவருடைய இடது கை தானாக எழுந்து இடது காதைத் தொட்டது. பிறகு வலது. கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "இருக்கு. ரெண்டு பக்கமும் இருக்கு," என்றார். கண்ணோரத்தில் தண்ணீர்.

விஷயம் எதுவும் தெரியாத டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். "நான் சொல்லலீங்களா! நம்ம மாடல் நம்ம மாடல்தான். ஒத்துக்குங்க சிஸ்டர், இதுதான் ஒசத்தி."

நாத்தனாரின் கண் உடனே திறந்தது. காது பிழைத்த சந்தோஷம் முழுசாக இறங்குவதற்கு முன்னாலேயே ரோஷம் வந்துவிட்டது. "யாரு சொன்னா? என்னுதுல ஏதோ கோளாறு. அத வெச்சு ஜெயிச்சதா சொல்றதா? அது நியாயமே இல்ல, டாக்டர்."

அதற்குப் பிறகு பிரியாணியை யாரும் நினைக்கவில்லை. டாக்டர் நாத்தனாரின் ஹெட்போனை வெளிச்சத்தில் பிடித்து, நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். விரலால் மெத்தையை அமுக்கினார். வலது மெத்தை அழுந்தி எழுந்தது. இடது மெத்தை அழுந்தியபடியே கிடந்தது. அதன் பின்பக்கத் தையல் ஒரு விரல் நீளத்துக்குப் பிரிந்து, உள்ளே பஞ்சு தெரிந்தது. டியூட்டி முடிந்து வந்து, இந்தச் சோபாவில் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்துக் கேட்பது நாத்தனாரின் வழக்கம். தலையின் பாரமும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து செய்த வேலை. "காத்து இந்த வழியா ஓடிருதுங்க. ப்ளேனர்ல மெத்தை காதோட ஒட்டி அடைச்சு நிக்கலைன்னா மொதல்ல போறது கீழ்ச் சுருதிதான்," என்றார் டாக்டர்.

"அப்ப திருப்பி மாட்டுனப்ப ரெண்டு பக்கமும் போச்சே?" என்று கேட்டேன். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

டாக்டர் மெத்தையைக் கழற்றிப் பக்கவாட்டில் காட்டினார். ஒரு ஓரம் ஒல்லி, ஒரு ஓரம் தடிமன். காதுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தை நிரப்புவதற்காக அப்படி. திருப்பி மாட்டினால் தடித்த ஓரம் முன்னால் வந்துவிடும். பின்னால் இரண்டு பக்கமும் இடைவெளி விழும். நாத்தனார் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

இரண்டும் ஒரே கம்பெனி என்பதால் மெத்தை மாற்றிப் போட முடிந்தது. டாக்டரின் புது மெத்தைகள் நாத்தனாரின் ஹெட்போனுக்கு ஏறின. நைந்த மெத்தைகள் டாக்டரின் உசத்தி மாடலுக்கு. இருவரும் மாறி மாறிக் கேட்டார்கள். நாத்தனாரின் பழைய ஹெட்போன் எழுந்து உட்கார்ந்துவிட்டது. டாக்டருடையது தகர டப்பாவாகிவிட்டது. இந்தத் தடவை எனக்கே வித்தியாசம் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. டாக்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவ்வளவு பெரிய வாதம் கடைசியில் ஒரு ஜோடி மெத்தையில் வந்து நின்றதை அவரால் தாங்க முடியவில்லை. "என்னோட மெத்தையக் குடுத்துருங்க சிஸ்டர்," என்று அப்போதே கழற்றி வாங்கிக்கொண்டார். கருகிய வெங்காயத்தோடு பிரியாணியைச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று பொய்யும் சொன்னார்.

சாப்பிடும்போது நாத்தனார் அவரிடம் சர்ஜன் விஷயத்தைச் சொன்னார். டாக்டர் சிரித்து, தண்ணீர் புரையேறி, நான் முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. "அவர் இப்ப ரெண்டு மாஸ்க் போடறாருங்க. அவர் சொல்றது தியேட்டர்ல யாருக்குமே வெளங்கறதில்ல. எல்லாரும் உங்க கையப் பாத்துத்தான் புரிஞ்சுக்கறோம்."

அப்படியும் நாத்தனார் லெட்டரை உடனே திரும்ப வாங்கவில்லை. ஹெட்போன் சரி என்பதால் காது சரி என்று ஆகிவிடாது, உயிர் விஷயத்தில் ஊகம் கூடாது என்றார். அடுத்த நாள் மத்தியானம் இருவரும் காது பரிசோதனைக்குப் போனோம். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வெளியே இருந்து அவர் கட்டைவிரலையே பார்த்தேன். ஒவ்வொரு தடவை அது அசையும்போதும் எனக்கு மூச்சு வந்தது. காகிதத்தோடு வந்த இளம்பெண், வலது காதில் மட்டும் மேல் சுருதியில் ஒரு துளி குறைவு, வயதுக்கு அது சாதாரணம், இடது காது பிரமாதம் என்றாள். நாத்தனார் அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார். ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். பத்து நிமிஷத்தில் லெட்டரோடு வெளியே வந்தார். அந்த வாரமே தியேட்டரில் சர்ஜனிடம், "மாஸ்க்க ஒண்ணாக் கொறைங்க, இல்ல கொரல ஒசத்துங்க சார்," என்று சொன்னதாக டாக்டர் வந்து சொன்னார். சர்ஜன் குரலை உயர்த்தினாராம்.

புது மெத்தையில் தோலா, வெல்வெட்டா என்று பிறகு ஒரு மாதம் ஆராய்ச்சி நடந்தது. தோல் மெத்தையில் மிருதங்கம் கும்மென்று இருந்தது, பாடுகிறவர் ஒரு அடி பின்னால் போனார். வெல்வெட்டில் பாடுகிறவர் பக்கத்தில் வந்தார், மிருதங்கம் கொஞ்சம் மெலிந்தது. கடைசியில் குரல்தான் முக்கியம் என்று வெல்வெட்டை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்னைக் கூப்பிட்டு மாட்டிவிடுவார். நானும் கேட்டால் கேட்டது என்றும், தெரியாவிட்டால் தெரியவில்லை என்றும் சொல்வேன். பாதிக்குமேல் தெரியவில்லைதான்.

இதெல்லாம் நடந்து ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. நாத்தனாரின் கணவர் கப்பலை விட்டு ஊரோடு வந்துவிட்டார். டாக்டர் மங்களூருக்கு மாற்றலாகிப் போய், போனில் சண்டை போடுகிறார். போன மாதம் எங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். நாத்தனார் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, ரசப் பாத்திரத்தை நகர்த்திவிட்டு, மேஜை நடுவில் விரித்து வைத்தார். புதுப் பரிசோதனை. இரண்டு காதிலும் கேட்கும் திறனைக் காட்டும் கோடு வெகுவாகக் கீழே இறங்கியிருந்தது. என் கணவர் சாப்பிடுவதை நிறுத்தினார். அவருக்கும் அம்மா ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"எல்லாரும் பாத்துக்குங்க. அடுத்த வாரம் மெஷின் வெக்கப் போறேன், ரெண்டு காதுக்கும்," என்றார் நாத்தனார். "அதுவரைக்கும் எங்கிட்ட யாரும் முணுமுணுக்கக் கூடாது. வாயத் தொறந்து பேசணும். ஏ கணே, உனக்குந்தான்!"

அன்றைக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உப்பைக்கூட எல்லாரும் கத்தித்தான் கேட்டோம்.