ஹாஜிரா பீயின் அளவு

மேற்கு மாம்பலத்தில் வீடு வீடாகப் போய் வளையல் விற்ற ஹாஜிரா பீயிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் பெண் கையை நீட்டினாலும் அளவை ஒரு சுற்றுக் குறைத்துத்தான் சொல்வாள். இரண்டரை போகிற கைக்கு இரண்டே கால் என்று சாதித்து, சோப்பைக் குழைத்துத் தடவி, கட்டைவிரலை மடக்கி ஏற்றிவிடுவாள். கை சிவந்தாலும் அதில் மனம் குளிராத பெண் அந்தத் தெருவில் கிடையாது.

எழுபத்து நாலு வயதில் அவளுக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, செயற்கை வால்வு வைக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அதற்கும் அளவு உண்டு என்று கேட்டதும் ஹாஜிரா பீ எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"சின்னதா, கெட்டியா புடிக்கிற மாதிரி பார்த்து வைங்க டாக்டரே. லூசா வுட்டா கழண்டுக்கும்" என்று அவருக்கே பாடம் எடுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தெருவில் நடந்தால் ஒரு குறையும் இல்லை. படி ஏறினால் மட்டும் பழைய மூச்சிரைப்பு பாதி திரும்பி வந்தது. தன் வாய்தான் கெடுத்தது, கேட்டபடியே சின்னதாக வைத்துவிட்டார் என்று மறுகிப்போய் டாக்டரிடமே ஒப்புக்கொண்டாள். அவர் இல்லவே இல்லை என்றார். உள்ளே அளவு வளையங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாராம். பெரியது உட்காரவில்லை, அவளுடைய இதயத்து வாசலே குறுகல். சும்மா இருக்கும்போது சின்ன வால்வு போதும், ஏறும்போது உடம்பு கேட்கிற அத்தனை ரத்தமும் அந்த வழியில் முட்டிமோத வேண்டும். இனி எல்லாம் மெதுவாகத்தான். சோப்பு போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. நல்ல வேளை, அடக்கிக்கொண்டாள்.

அடுத்த மாதம் மாடிவீட்டு சீதாவுக்கு வளைகாப்பு. சீதாவின் அக்காமார் இருவருக்கும் வளை அடுக்கியவள் ஹாஜிரா பீதான். இந்த மாடி ஏற முடியாவிட்டால் தொழிலையே விட்டுவிடுவது என்று யாரும் கேட்காமலே ஒரு சபதம் போட்டுக்கொண்டு வந்தாள். வறட்டு ஜம்பம். பதினெட்டுப் படியில் எட்டாவதிலேயே வளைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மேலே பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

எட்டிப் பார்த்த சீதா, ஏழு மாத வயிற்றோடு சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"எனக்கும் மூச்சு வாங்குது பாயம்மா. இங்கயே அடுக்குங்க."

நல்ல நேரம் போகிறதே என்று முணுமுணுத்தபடி அவள் அம்மா சரோஜாதேவி குங்குமத் தட்டோடு இறங்கினாள். பின்னாலேயே மற்ற பெண்களும் வந்து படிகளில் உட்கார்ந்தார்கள்.