கப்பலுக்கு முன்னே போன வள்ளம்

கற்பிட்டிக்கு வடக்கே அகன்று கிடக்கும் விரிகுடாவுக்குப் போர்த்துக்கேயர் தங்கள் பேரை வைத்துவிட்டுப் போனார்கள். ஒல்லாந்தர் கரையில் கோட்டை கட்டினார்கள். நாட்டுக்குள் நடந்த சண்டை ஓய்ந்த பிறகு, கடலுக்கு அடியில் எரிவாயு இருக்கிறதா என்று பார்க்கவும் ஆட்கள் வந்தார்கள். அந்தக் கடலில் சோறு தேடுகிறவர்களை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஸலாஹுதீன் அந்தக் கடலால் வந்தவர். தொண்ணூறாம் ஆண்டு புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு பதினாறு வயதில் கற்பிட்டியில் கரையேறினார். எரிவாயு தேடும் கப்பலுக்கு முன்னே வள்ளம் ஓட்டி, மீனவர்களை வழிவிடச் சொல்லும் வேலை வந்தபோது உடனே தலையாட்டினார். வேறு யாரோ வந்து நம் ஆட்களை நாய்போல் விரட்டுவதைவிட, நாமே போய் நல்லவிதமாகச் சொல்லலாமே என்று நினைத்தார். நல்ல மனிதர்தான். கப்பலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

அது எரிவாயு தேடும் கருவிகள் பூட்டிய கேபிளை மைல்கணக்கில் இழுத்துக்கொண்டு வரும். நிற்காது. நின்றால் கேபிள் ஆழத்துக்குப் போய்விடுமாம்.

நான்காம் நாள் காலை, கப்பலின் பாதையில் வலை மிதப்புகள் தெரிந்தன. ஸலாஹுதீனின் தங்கை றிஸ்மினாவின் கணவர் சாஹுல் ஹமீது, மூச்சு வாங்க வலையை இழுத்துக்கொண்டிருந்தார். கப்பலுக்காகத் தடுத்த எல்லைக்கு வெளியேதான் போட்டிருந்தார். இரவு நீரோட்டம் உள்ளே தள்ளிவிட்டது. யாரைத் திட்டுவது?

ஸலாஹுதீனும் மச்சானின் வள்ளத்தில் தாவி ஏறி இழுத்தார். வலை முழுதும் ஏற இரண்டு மணித்தியாலம் வேண்டும். கப்பல் அரை மணித்தியாலத்தில் வந்துவிடும். ஏறியது போக மிச்சத்தை வெட்டிவிடு, வேறு படகு வந்து வாரிக்கொண்டு போகும் என்று கப்பலிலிருந்து வோக்கி டோக்கியில் கத்தினார்கள்.

"கொஞ்சம் திருப்பச் சொல்லுங்க மாத்தயா," என்று ஸலாஹுதீன் கெஞ்சினார். வெட்டு என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை.

கத்தியை எடுத்தார். நாற்பது வயதுக்காரர், அழுதுவிட்டார்.

"தாங்க மச்சான்." சாஹுல் ஹமீது கத்தியை வாங்கிக்கொண்டார். "நானே வெட்டுறன். நீங்க வெட்டினா றிஸ்மினாட்ட நான் என்னண்டு சொல்லுற? அதுக்குப் பொறகு அவ கூடப்பிறந்த காக்காட வாசல் மிதிக்க மாட்டா."

ஈரக் கயிறு வழுக்கியது. தளர்ந்து கிடந்ததால் கத்தி ஏறவில்லை.

"இறுக்கிப் பிடிங்க மச்சான்."

ஸலாஹுதீன் இரண்டு கைகளாலும் கயிற்றை இழுத்துப் பிடித்துக் கொடுத்தார்.