மூன்றாவது வால்வு

சூட்டைக் கூட்டல் கணக்குப் போட்டு ஏற்றலாம் என்று நம்பிய முட்டாள் எங்கள் மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஐந்தாம் வகுப்பில் கணக்கில் முதல் மார்க் வேறு. அந்தத் திமிரும் சேர்ந்துகொண்டது. அறுபது கிலோ வெங்காயத்தோடு இருபத்தைந்து கிலோவைக் கொட்டினால் எண்பத்தைந்து கிலோ. அப்படியென்றால் அறுபது டிகிரித் தண்ணீரோடு இருபத்தைந்து டிகிரித் தண்ணீரைச் சேர்த்தால் எண்பத்தைந்து டிகிரி. இதில் என்ன சந்தேகம்?

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, அப்போது பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெந்நீருக்குப் பொறுப்பு. பின்பக்கம் மூன்று விறகு பாய்லர்கள் வரிசையாக நிற்கும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மூன்றுக்கும் பச்சைத் தண்ணீர் இறங்கும்; சூடானதும் ஒரே குழாயில் சேர்ந்து அறைகளுக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு, முகத்தில் வட்டமாக ஒரு மீட்டர். முகூர்த்த நாட்களில் நானும் அத்தையோடு போய்விடுவேன். ஒத்தாசைக்கு என்று வீட்டில் சொல்வேன். கேசரிக்கு என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று தை மாத முகூர்த்தம். பெண் வீடு குன்னம், மாப்பிள்ளை வீடு பூலாம்பாடி. பொழுது விடிகிற நேரம், நல்ல குளிர். மாப்பிள்ளை வீட்டார் குளித்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்திருந்த மேனேஜர் விறகை மிச்சம் பிடிப்பதில் மகா கெட்டிக்காரர். இரண்டு பாய்லரை மட்டும் எரிக்கச் சொன்னவர், குழாயில் தண்ணீர் சன்னமாக வருகிறது என்றதும் மூன்றாவதின் வால்வையும் திறந்துவிடச் சொன்னார்.

“எரியாததத் தெறந்தா பச்சத்தண்ணி உள்ள கலந்துடும் சார். வெதுவெதுன்னுதான் போவும்” என்றாள் அத்தை.

“பாய்லருக்கு நீ எனக்குப் பாடம் எடுக்குறியா? மூணையும் தெற. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராத.”

பக்கத்து அடுப்பில் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்த சமையல் மாஸ்டர் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அத்தை முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“என் கையால தெறக்க மாட்டேங்க.”

மேனேஜர் திரும்பி வருவதற்குள் திறந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். அத்தைக்கு வேலை போனால் அவள் வீட்டில் உலை வைக்க வேறு வழி கிடையாது. என் கேசரியும் போச்சு. அப்போதுதான் என் கணித மூளை விழித்துக்கொண்டது. இரண்டு மீட்டரும் அறுபது காட்டின. எரியாதது இருபத்தைந்து காட்டியது. அந்த இருபத்தைந்து சும்மாதானே கிடக்கிறது? அத்தைக்குக் கணக்கு தெரியாது, பாவம். மேனேஜர் சொன்னதும் நடக்கட்டும், வெந்நீரும் கொதிக்கட்டும். அவள் விறகு எடுக்கப் போன சமயம் பார்த்து, மூன்றாவது வால்வின் பிடியில் தொங்கித் திறந்தேன். சட்டையெல்லாம் கரி.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தலையெல்லாம் சோப்பு நுரையும் இடுப்பில் துண்டுமாக மாப்பிள்ளையின் தாய்மாமன் படியிறங்கி வந்தார். ஒரு கண்ணை மட்டும் திறக்க முடிந்தது. அது சிவந்திருந்தது.

“எவன்யா அது? தைக் குளுருல பச்சத்தண்ணிய வுட்டுக் கொல்லப் பாக்குறீங்களா? பொண்ணு வூட்டு மரியாத இதானா?”

பின்னாலேயே மேனேஜர் ஓடி வந்தார். “இந்தப் பொம்பளையாலதாங்க. இதுக்கு ஒண்ணும் தெரியாது.”

நான் மாஸ்டரின் அண்டாவுக்குப் பின்னால் பதுங்கினேன். அத்தை விறகைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

“மூணையும் தெறக்கச் சொன்னது சார்தாங்க. எரியாததும் தெறந்துதான் இருக்கு, பாருங்க.”

“ஆமாங்க, நானும் கேட்டேன்” என்றார் மாஸ்டர், யாரும் கேட்காமலேயே.

தாய்மாமனின் ஒற்றைக் கண் மெதுவாக மேனேஜர் பக்கம் திரும்பியது.

“மூடச் சொல்லுங்க சார், மூடிடறேன்” என்றாள் அத்தை.

“மூடு” என்றார் மேனேஜர், காற்றுப் போன குரலில்.

“சத்தமாச் சொல்லுங்க சார். அடுப்புச் சத்தத்துல கேக்கல.”

“மூடும்மா!” என்று மண்டபமே அதிரக் கத்தினார். அத்தை அவசரமே இல்லாமல் வால்வைத் திருகினாள். கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து, ஆவி பறக்கிறது என்று குரல் வந்தது. மேனேஜர் அதன் பிறகு பாய்லர் பக்கம் வந்தால் அத்தையைக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார். மூன்றாவது பாய்லருக்கும் விறகு வந்தது.

அன்று எனக்கு இரண்டு கை கேசரி கிடைத்தது. சட்டைக் கரியைப் பற்றி அத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாருக்கும் தெரியாமல் தப்பித்துவிட்டேன், தப்பித்ததோடு அத்தையின் வேலையையும் நான்தான் காப்பாற்றினேன் என்று வெகுகாலம் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன். என் மனைவியிடம்கூட முதலில் சொன்ன வீரக்கதை இதுதான்.

போன பொங்கலுக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, போகட்டும், உண்மையை ஒப்புக்கொண்டுவிடலாம் என்று தோன்றியது. “அத்த, அன்னிக்கு அந்த வால்வத் தெறந்தது நான்தான். ஒனக்குத் தெரியவே தெரியாதுல்ல?” என்றேன்.

அத்தை கரும்பைக் கடித்துத் துப்பினாள்.

“நீ தெறந்து முடிக்கிற வரைக்கும் பின்னாலதான்டா நின்னேன்.”