அண்ணாந்து குடித்த தண்ணீர்

கொழும்பில் நான் தங்கியிருக்கும் ஓட்டலைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் குறை. மூன்றாவது மாடி. ஒரு ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். கப்பல்கள் குட்டையில் இறங்கிய எருமைகளாக அசையாமல் கிடக்கின்றன. இன்னொரு ஜன்னலைத் திறந்தால் டிராம் வண்டி வளைந்து திரும்புகிற முனை. தபாலாபீஸ் நூறு தப்படி. நான் பேரம் பேச வந்த எண்ணெய்க் கம்பெனி எதிர்ச்சாரியில். வெற்றிலைக்கடைகூட வாசலிலேயே இருக்கிறது. பட்டணத்தின் நட்டநடுவில், பட்டணத்துச் சத்தம் ஏறி வர முடியாத உயரத்தில், என்னைப் பஞ்சில் பொதிந்து வைத்திருக்கிறார்கள்.

கட்டில் அமுங்குகிறது. சோப்பு பூவாக மணக்கிறது. விரிப்பு தினமும் மாறுகிறது. எனக்கோ வந்த நாளிலிருந்து அதில் தூக்கம் பிடிக்கவில்லை. கப்பல் பிரயாணத்தின் மிச்சம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

தலைமாட்டில் சின்ன மேஜை. அதன்மேல் தண்ணீர் ஜாடி, பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர். தம்ளரின் வாய்க்கு வலைத்துணியில் ஒரு தொப்பி. ஓரத்தில் நீலமணி கோத்திருந்தது. முதல் நாள் மத்தியானம் தாகத்தில் தொப்பியைக் கழற்றித் தண்ணீர் நிரப்பி எடுத்து, சாய்ந்தபடியே, பிறந்ததிலிருந்து பழகின பழக்கமாக அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். கண்ணாடி விளிம்பு தடிப்பு. பித்தளைத் தம்ளரின் விளிம்புபோல அது தண்ணீருக்கு வழிகாட்டவில்லை. மூக்கில் கொஞ்சம், கழுத்தில் கொஞ்சம், மீதி முழுவதும் தலையணையில். அறையைக் கவனிக்கிற யாழ்ப்பாணத்துப் பெரியவர் அப்போது துண்டு மாற்ற வந்திருந்தார். சிரிப்பை மரியாதையாக விழுங்கிக்கொண்டு, "வாய் வைச்சே குடியுங்கோ ஐயா. அது உங்களுக்கெண்டு வைச்ச கிளாஸ்தானே" என்றார்.

அவர் போனபின் அந்த ஈரத் தலையணையில் முகத்தை வைத்தேன். நனைந்த இலவம்பஞ்சுக்கு ஒரு வாடை உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேலே எத்தனை சோப்பு மணந்தாலும் அடியிலிருந்து அது எழுந்து வரும். வந்தது. வந்து என்னைக் கழுத்தைப் பிடித்து விழுப்புரம் ஜங்ஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

அங்கேயும் ஒரு ஓட்டல் இருந்தது. நாங்கள் கிளப் என்போம். கீழே சாப்பாடு, மாடியில் படுக்கை. அதுவும் இதைப்போலவே எல்லாவற்றுக்கும் பக்கம்: ஸ்டேஷனை விட்டு இறங்கினால் கிளப், கிளப்பை விட்டு இறங்கினால் சாக்கடை. நான் அப்போது திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் கணக்கெழுதும் ரைட்டர். உரித்த நிலக்கடலை வண்டி வண்டியாகப் புதுச்சேரி போய்க் கப்பலேறுகிற காலம். வேகன் விஷயமாக மாதம் இரண்டு முறை விழுப்புரம் போவேன்; போனால் அந்தக் கிளப்தான். படுக்கை என்பது ஒரு கோரைப்பாயும் ஒரு தலையணையும். நாலு திசை ரயிலும் வந்து கலக்கிற ஊர் அல்லவா, நாலு திசைத் தலையெண்ணெயும் அந்தத் தலையணையில் கலந்திருந்தது. திருச்சித் தலை, மதராஸ் தலை, புதுச்சேரித் தலை, காட்பாடித் தலை. வெயிலில் காயவைத்து வெயிலையே அழுக்காக்கிவிடுகிற தலையணை. சுவரில் மூட்டைப்பூச்சியைத் தேய்த்த செங்கோடுகள். நசுங்கின பூச்சியின் வாடை அழுகின கொத்துமல்லிபோல இருக்கும். இவ்வளவையும் அந்த வயதில் நான் வீரமாக நினைத்திருந்தேன். விழுப்புரத்தில் எனக்கு ரூம் இருக்கிறது என்று மண்டியில் சொல்லிக்கொள்வேன்.

கிளப் முதலாளிக்கு ஜவ்வாது பைத்தியம். வியர்வைக்குமேல் ஜவ்வாது, அதற்குமேல் வியர்வை என்று அடுக்கடுக்காக மணப்பார். மற்ற ஓட்டல்களில் யார் யார் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் பலகை தொங்கும். இவர் பலகை போடவில்லை. அதில் அவருக்குப் பெருமை. "நான் ஆளக் கேக்கமாட்டேன் சார். தொண்டையக் கேப்பேன்" என்பார். பந்தியில் முதலில் தண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டு, கல்லாவில் இருந்தபடி ஒவ்வொரு தொண்டையாகப் பார்ப்பார். அண்ணாந்து, உதட்டில் படாமல், கழுத்து மணி ஏறி இறங்கக் குடித்தால் சரி. வாய் வைத்தால் எழுந்து வருவார். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார். தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரிதானே. இதை மண்டியில் நான் சிரிப்புக்கதையாகச் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். சவரிமுத்து மட்டும் கேட்டுக்கொண்டிருப்பான்.

சவரிமுத்து எங்கள் மண்டியில் மூட்டையைக் குத்தி மாதிரிப் பருப்பு எடுக்கிறவன். முகையூர்ச் சேரி, வேதக்காரக் குடும்பம். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவன், இங்கிலீஷ் பில்லை என்னைவிட வேகமாக வாசிப்பான். ஒரே வயது எங்களுக்கு. அவன் எனக்கு 'ங்க' போட்டான். நான் அவனை வாடா போடா என்றேன். இதைச் சிநேகிதம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு ரயில்வேயிலிருந்து ஒரு கார்டு வந்தது. பாயிண்ட்ஸ்மேன் வேலை. எழுத்துப் பரீட்சை தேறிவிட்டான். விழுப்புரத்தில் காலை ஆறரைக்குக் கண் பரிசோதனை. அது தேறினால் காக்கிச் சட்டை, குடியிருக்க வீடு, சாகிறவரை சம்பளம். முகையூரில் அவனுடைய அப்பா கூலிக்குப் போகிற நிலத்தில் இனி கால் வைக்க வேண்டியதில்லை. அந்தக் கார்டைச் சட்டைப் பைக்குள் வைத்து, பைக்குமேல் ஊசி குத்திக்கொண்டு திரிந்தான்.

திண்டிவனத்திலிருந்து விடிகாலை ரயில் பிடித்தால் ஆறரைக்குப் போய்ச் சேர முடியாது. முந்தின நாளே போயாக வேண்டும். அங்கே அவனுக்குத் தெரிந்தவர் ஒருவருமில்லை.

"பிளாட்பாரத்துல துண்ட விரிச்சிப் படுத்துக்கறேங்க ரைட்டரே. எனக்கு இன்னா."

"டேய், கண்ணு பாக்கப் போறாங்க. எஞ்சின் புகையில படுத்து எழுந்தா கண்ணு கோவைப்பழமாயிடும். கிளப்புல தங்கு. நான் கூட வர்றேன்."

"அவுரு தொண்டையப் பாப்பாருன்னு நீங்கதான சொன்னீங்க?"

"தொண்டைதான? கத்துத் தர்றேன்."

பத்து நாள் கற்றுக்கொடுத்தேன். மண்டிக்குப் பின்னால், கோணி அடுக்கின இடத்தில், ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு தம்ளரும். டீக்கடையில் அவனுக்குக் கையில் ஊற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் குவளையில் வாய் வைத்துக் குடித்தான். அண்ணாந்து குடிக்க ஏது வழி? முதல் நாள் முழுத் தம்ளரும் மூக்கில் போயிற்று. இருமித் தீர்த்துவிட்டு, "ரைட்டரே, இது குடிக்கறதாங்க, குளிக்கறதாங்க?" என்றான். நான் உருண்டு உருண்டு சிரித்தேன். "இதோ பாரு, இப்படி வாய வெச்சிடாத" என்று, செய்யக்கூடாததைச் செய்து காட்டுவதற்காக நான் தம்ளரில் வாய் வைத்துக் குடிப்பேன். ஒரு தரம், பத்துத் தரம், ஐம்பது தரம். சொன்னால் வெட்கம்: எனக்கு அது பிடித்துப்போயிற்று. குளிர்ந்த பித்தளை உதட்டில் படுகிற சுகம், மாடு குளத்தில் வாய் வைத்தாற்போல. பத்தாம் நாள் அவன் தொண்டை தேறிவிட்டது. ஒரு சொட்டுச் சிந்தாமல், மடக் மடக்கென்று ஏறி இறங்கியது. பிறந்ததிலிருந்து அண்ணாந்து குடிக்கிற என் அப்பாகூட அவ்வளவு அழகாகக் குடிக்கமாட்டார்.

ரயிலில் போகும்போது கழுத்துச் சிலுவையைக் கழற்றி இடுப்பு வேட்டியில் முடிந்துகொண்டான்.

"சவரிய உட்டுட்டு முத்துன்னு மட்டும் சொன்னா பொய்யாங்க?"

"பாதிப் பேரு பொய் ஆவாது."

"மீதிப் பாதி கோச்சிக்குமே" என்று சிரித்தான். பிறகு விழுப்புரம் வரை இடுப்பு முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வந்தான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கிளப்பில் நுழைந்தோம். முதலாளி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பந்தியில் உட்கார்ந்தோம். இலை போட்டு, தண்ணீர் வைத்தார்கள். முத்து தம்ளரை எடுத்தான். கல்லாவிலிருந்து ஜவ்வாது வாசனை எங்கள் பக்கம் திரும்பியது. அண்ணாந்தான்; மடக், மடக், மடக். ஒரு சொட்டு இல்லை. முதலாளியின் கண் அடுத்த தொண்டைக்குப் போய்விட்டது. எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல இருந்தது. நான் செய்த சிலை நடந்துவிட்டதுபோல ஒரு கர்வம். சாதம், குழம்பு, மிளகு ரசம். ரசத்துக் காரம் நெற்றியில் ஏற, பக்கத்தில் அவன் பதவிசாகச் சாப்பிடுவதைப் பார்த்து மனசு நிறைய, கை தன்பாட்டுக்குத் தம்ளரை எடுத்தது. குளிர்ந்த பித்தளை உதட்டில் பட்டது. மெள்ள, சுகமாக, மாடு குளத்தில் குடிப்பதுபோலக் குடித்தேன்.

"சார்!" என்றார் பரிமாறினவர்.

முதலாளி எழுந்து வந்துவிட்டார். மாதம் இருமுறை பார்க்கிற முகம்தான். ஆனால் தொண்டைதானே அவருக்கு ஆள்.

"இன்னா சார் இது, வாய வெச்சிக்கினு? எந்த ஊரு நீங்க?"

"பிரம்மதேசம்."

"பிரம்மதேசத்துல எந்தத் தெரு?"

என் குரல் உயர்ந்தது. தெருவைச் சொன்னேன். அப்பா பேர், அவருக்கு அப்பா பேர், கோயில் பக்கத்து நிலம், ஏரிப்பாசனம், எங்கள் வீட்டில் சம்பந்தம் செய்த ஊர்கள், கேட்காததையெல்லாம் சொன்னேன். பந்தி முழுக்கக் கேட்கச் சொன்னேன். கடைசியில் சாதியையும், எவனடா என்னைச் சந்தேகப்பட்டவன் என்கிற தோரணையில், சொன்னேன்.

"அட, அப்டி சொல்லுங்க! பேஜாரு பண்ணிட்டீங்களே" என்று சிரித்தார். "பட்டணத்துப் பழக்கமா? இங்க வாணாம் சார், நாலு பேரு சாப்புடற எடம்." பிறகு, போகிற போக்கில், "இவுரு உங்க தெருதானா?"

ஆமாம் என்றால் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். முத்து என்னைப் பார்த்தான். கெஞ்சவில்லை, ரயில் வருகிறதா என்று தண்டவாளத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். என் தெருவை அப்போதுதான் அத்தனை உரக்கச் சொல்லி முடித்திருந்தேன். அந்தத் தெருவுக்குள் அவனைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நான் இலையைப் பார்த்தேன். இலையில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது, அதற்குச் சாதத்தால் அணைகட்டினேன்.

"உன்னத்தான் கேக்கறேன்" என்றார் முதலாளி, அவனைப் பார்த்து. 'உங்க' போய் 'உன்' வந்துவிட்டது.

"முகையூருங்க" என்றான் முத்து. கொஞ்சம் பொறுத்து, "சவரிமுத்துங்க" என்றான்.

"இலைய எடுத்துக்கினு ஜல்தி எழுந்துரு. எடத்தத் தொடச்சிட்டுப் போ."

அவன் இலையை மடித்து எடுத்தான். சாணித் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து தூரத்தில் வைத்தார்கள். அவன் உட்கார்ந்த இடத்தைத் துடைத்தான். நன்றாக, மூலை வரைக்கும் துடைத்தான். அவன் தம்ளரை இடுக்கியால் பிடித்துக்கொண்டுபோய் அடுப்பு நெருப்பில் போட்டார்கள், அவன் உதடு படவே படாத தம்ளரை. என் எச்சில் பட்ட தம்ளரைக் கழுவி, மறுபடி தண்ணீர் நிரப்பி, என் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

அவன் பின்னாலேயே நான் எழுந்து போனேன் என்று எழுத எனக்கு எத்தனை ஆசை தெரியுமா! நான் மோர்ச்சோறு சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் மோர் வாங்கினேன். பிறகு மாடிக்குப் போய் நாலு திசை எண்ணெயில் தலையை வைத்துப் படுத்தேன். மூட்டைப்பூச்சிகள் வந்தன. அவை தெரு கேட்பதில்லை.

காலையில் பிளாட்பாரத்தின் கடைசியில், எஞ்சின் ஷெட் பக்கத்துக் குழாயடியில் அவனைக் கண்டுபிடித்தேன். கழுத்தில் சிலுவை திரும்ப வந்திருந்தது. இரண்டு கைகளையும் குவித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். திரும்பினான். கண்கள் இரண்டும் கோவைப்பழம்.

"கரித்தூளு உழுந்துடுச்சிங்க. கழுவிக் கழுவிப் பாக்கறேன், போவ மாட்டங்குது."

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"நேத்து நான் நல்லாத்தான குட்ச்சேன் ரைட்டரே?"

"நல்லா குட்ச்சடா" என்றேன்.

டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார். படங்களையும் எழுத்துக்களையும் காட்டவேயில்லை. கண்ணோய் என்று எழுதி அனுப்பிவிட்டார். ஊசி குத்தி வைத்திருந்த கார்டை அவன் என்ன செய்தான் என்று நான் பார்க்கவில்லை. மண்டிக்கு அவன் திரும்பி வரவில்லை. கப்பலேறிவிட்டான் என்றார்கள். எந்தக் கப்பல், எந்த ஊர் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள்.

போன மாதம் விழுப்புரம் போயிருந்தேன். அந்தக் கிளப் இல்லை. சண்டைக் காலத்தில் அரிசி கிடைக்காமல் மூடினார்களாம். இப்போது அங்கே சைக்கிள் வாடகைக்கு விடுகிறார்கள். ஜவ்வாதுக்காரர் செத்துப்போனார். மற்ற ஓட்டல் வாசல்களில் தொங்கின பலகைகளை உத்தரவு போட்டுக் கழற்றிவிட்டார்கள். ஆணி அடித்த ஓட்டைகள் இருக்கின்றன. மண்டியும் கைமாறிவிட்டது. பத்து நாள் தண்ணீர் சிந்திச் சிந்தி ஈரமாகக் கிடந்த அந்தக் கோணி அடுக்கின இடத்தில் சிமெண்டுத் தரை போட்டிருக்கிறார்கள். எல்லாம் போயிற்று. போகட்டும், நாற்றம் பிடித்த காலம்.

இங்கே ஜன்னலுக்குக் கீழே துறைமுகக் கூலிகள் மூட்டை தூக்கிப் போகிறார்கள். மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தால் தலைப்பாகைகள்தான் தெரிகின்றன, முகம் தெரிவதில்லை. மூன்று நாளாக இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை நான். ஓட்டல் அத்தனை சௌகரியம்.

பெரியவர் தலையணையை மாற்றிவிட்டார். நீலமணித் தொப்பியைக் கழற்றித் தம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். இது எனக்கென்று வைத்த தம்ளர். அறையில் யாருமில்லை. கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. உதட்டை விளிம்பில் வைத்தேன்.

வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தேன்.