ராஜாவுக்கு ஒரு ஸ்டியரிங்

காரைக்குடியைவிட்டு நடந்துகொண்டிருந்தேன். வேலை பார்த்த மெஸ்ஸை மதியத்தோடு மூடிவிட்டார்கள் — சோறும் போச்சு, படுக்க இடமும் போச்சு. பள்ளத்தூர் பஸ் என்னைத் தாண்டிப் போனது. போகட்டும்... எனக்கென்ன அவசரம்?

பள்ளத்தூருக்குள் நுழையும் இடத்தில் ஒரு மினி வேன். பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் பொம்மலாட்டப் பொம்மைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். முத்தையா, செல்வி. மறுநாள் காலை அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆட்டம். ராஜா பொம்மையை ஆட்டும் செல்வியின் அண்ணன், திருப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ராஜா இல்லாமல் ராஜா கதையா?

"நான் பிடிக்கட்டுமா? சோறும் படுக்க இடமும் போதும்."

முத்தையா என் கைகளைப் பார்த்தார். "தூக்குங்க தம்பி, பாப்போம்."

குறுக்காக ஆணியடித்த இரண்டு குச்சிகள். அவற்றிலிருந்து ராஜாவின் தலைக்கும் கைகால்களுக்கும் நூல்கள். குச்சியைச் சாய்த்தால் ராஜா நடப்பார். அவ்வளவுதான்.

"கட்டையை இறக்குங்க!" என்றார் முத்தையா. இறக்கினேன்.

"அண்ணே, தராசை அங்குட்டுச் சாய்ங்க!" என்றார் செல்வி.

தராசா? சுற்றிலும் தேடினேன். அதற்குள் ராஜா, ராணியின் மடியில் குப்புற விழுந்தார். நூலெல்லாம் சிக்கு.

"கையில வச்சிருக்கீகளே, அதுதாண்ணே தராசு. எங்கப்பா குழுவுல அப்படித்தான் சொல்லுவோம்."

"அது கட்டைடி. கத்திரிக்காயா நிறுக்கப் போற?"

"ஆமா, நீங்க அடுப்பெரிக்கப் போறீகளாக்கும்!"

வருஷக்கணக்காகச் சேர்ந்து ஆட்டுகிறவர்கள். இந்தச் சண்டை ஏன் இதுவரை வரவில்லை? பழகிய கைகளுக்குப் பெயர் எதற்கு? புதிதாக வருகிறவனுக்குத்தான் அது தேவைப்படுகிறது.

சிக்கெடுத்தபடியே செல்வி சொன்னார்: "ஸ்கூலுக்குப் போன் போட்டு, வரலைன்னு சொல்லிருங்க. பிள்ளைக முன்னாடி ராஜா இப்படி விழுந்தா, அப்புறம் யாரு நம்மளக் கூப்பிடுவா?"

என் ராத்திரிச் சோறு கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

"ஸ்டியரிங்னு சொல்லுங்களேன்," என்றேன். "நான் லாரியில கிளீனரா இருந்தவன். லெஃப்ட்ல ஒடி, ரைட்ல ஒடின்னா கை தன்னால கேக்கும்."

முத்தையா முகத்தைச் சுளித்தார். செல்வி சிரித்துவிட்டார்.

"சரி... ஸ்டியரிங்கை லெஃப்ட்ல ஒடிங்கண்ணே!"

ராஜா நடந்தார். கொஞ்சம் தள்ளாட்டம்தான் — ஆனால் விழவில்லை.

"பிரேக்கு, பிரேக்கு! ராணி மேல ஏத்திராதீக!" இப்போது கத்தியது முத்தையா.

கிளீனராக இருந்த காலம் முழுக்க, எந்த டிரைவரும் என்னை ஸ்டியரிங்கைத் தொடவிட்டதில்லை. மறுநாள் காலை, பள்ளத்தூர்ப் பிள்ளைகள் கைதட்ட, ராஜாவுக்கே டிரைவராக வேலைக்குச் சேர்ந்தேன்.