அத்தை அழாத இடம்

பிள்ளைகளா, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நம் வேன் மாட்டிக்கொண்டு நின்ற மதியம் உங்கள் இரண்டு பேருக்கும் நினைவிருக்கும். திருக்கடையூரில் உங்கள் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். அதற்குக் கும்பகோணத்தில் துணி எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கூட்ஸ் வண்டி ஒன்று முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டே இருந்தது, கேட் திறக்கிற வழியைக் காணோம். பொழுது போகட்டுமே என்று என் செல்போனை வேன் ஸ்பீக்கரில் இணைத்தேன். நான் செய்த காரியத்தின் அளவு அப்போது எனக்குத் தெரியவில்லை.

நான் பத்தாவதோடு நின்றவன். அச்சில் உள்ள புத்தகத்தை எடுத்தால் நாலு பக்கத்துக்குள் கண் சொருகிவிடும். காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற புத்தகங்கள் வந்த பிறகுதான் டிராக்டர் ஓட்டிக்கொண்டே ராஜாக்கள் கதையும், நெல் வந்த கதையும், உடம்புக்குள் ரத்தம் ஓடும் கதையும் தெரிந்துகொண்டேன். கேட்கக் கேட்க நானும் ஒரு ரசிகன் என்ற நினைப்பு வந்துவிட்டது. இவர் செய்தி வாசிப்பது போல வாசிக்கிறார், அவர் புள்ளிவிவரம் வந்தால் மூச்சு விடாமல் ஓடுகிறார் என்று உங்கள் அம்மாவிடம் குறை சொல்வேன். எனக்குப் பிடித்தது கண்ணீர் வரவழைக்கிற குரல். நடந்த விஷயமாக இருந்தாலும் நடிகர் மாதிரி உருகிப் படித்தால்தான் புத்தகம் உயிரோடு இருக்கிறது என்று நம்பினேன்.

அன்று நான் போட்டது நம் பக்கத்துக் கூலிச் சண்டைகளைப் பற்றிய புத்தகம். எழுதியவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். பல வருஷத்துக்கு முன்னால் நம் வீட்டுக்கு வந்து என் அத்தை சொன்னதை டேப்பில் பிடித்துக்கொண்டு போய், சொன்னது சொன்னபடி அச்சிட்டிருந்தார். அது குரல் புத்தகமாக வந்திருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்று கணக்கே இல்லை. அத்தைக்கு மட்டும் போட்டுக் காட்டியிருக்கவில்லை. நம்மோடு வேனில் வந்த அவரை அசத்த இதுதான் சமயம் என்று போட்டேன்.

வாசித்த பெண்மணி அத்தையின் பகுதிக்கு வந்ததும் குரல் உடைந்தது. பின்னால் புல்லாங்குழல் வேறு. கடைசி வாக்கியத்தில் விம்மியே விட்டார். உங்கள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சின்னவனே, நீ அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா பாட்டி என்று கேட்டாய். அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"யாருடா இந்தப் பொண்ணு? யாரு செத்துட்டான்னு இப்புடி அழுவுறா?"

நீங்க சொன்னதைத்தான் படிக்கிறாங்க அத்தை, ஒரு வார்த்தை மாத்தல என்றேன்.

"வார்த்தை என்னுதுதான். அழுவை யாருது?"

உருக்கமாப் படிச்சாத்தானே கேக்குறவங்களுக்கு அந்தக் காலத்துக் கஷ்டம் புரியும் என்று நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன்.

"உருகுறதுக்கு நான் என்ன வெல்லமா?" என்றார் அத்தை. முன் இருக்கையில் இருந்த டிரைவர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை ஆசையாகப் போட்டவனுக்கு இதுவா பதில் என்று நினைத்தேன்.

பிறகு அத்தை சொன்னார். ஆட்சி மாறி, மேடைக்கு மேடை தமிழ் முழங்கிக்கொண்டிருந்த காலம். களத்தில் கூலி அளந்த மரக்கால் மட்டும் மாறவில்லை. அந்த அறுவடைக்கு நம் தெருப் பெண்கள் அரிவாளோடு வந்து வயலில் இறங்காமல் வரப்பில் நின்றார்கள். பண்ணையாரே காரில் வந்தார். கூடுதல் நெல்லை வாங்கி என்னடி செய்யப் போறீங்க என்று கேட்டார். கூட்டத்தில் சின்னவளாக இருந்த அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்தபடி சொன்னார்:

"எங்க புள்ளைங்களுக்கும் சாமி வயித்த வச்சுப் படைச்சுட்டாரு, என்னங்கய்யா பண்றது?"

வரப்பு முழுக்கச் சிரிப்பு. பண்ணையை மேற்பார்த்த காரியக்காரரே துண்டால் வாயை மூடிக்கொண்டாராம். பண்ணையார் மறுபேச்சில்லாமல் காரில் ஏறிவிட்டார். அந்த அறுவடையிலேயே கூலி கூடியது. வேனில் நாம் விம்மலாகக் கேட்டது இந்த வாக்கியத்தைத்தான். எழுத்தில் இருந்தவரை அதற்கு ஒன்றும் ஆகவில்லை. குரல்தான் அவரைப் பண்ணையார் காலடியில் உட்கார வைத்துவிட்டது.

அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "பண்ணை வீட்டுல யாரும் இதக் கேட்டிருக்க மாட்டாங்கல்ல?"

பண்ணையாரின் பேரனை எனக்கு நெல் கொள்முதல் நிலையத்தில் பழக்கம். முதல் நாளே அவருக்கு அனுப்பியிருந்தேன். கேட்டு அழுதுவிட்டேன், பாவம் உங்கள் அத்தை என்று பதில் போட்டிருந்தார். அந்த வீட்டுப் பிள்ளை நமக்காக அழுதாரே என்று எனக்கு அன்று முழுக்கப் பெருமை பிடிபடவில்லை. அத்தையிடம் மறைக்க முடியவில்லை. சொன்னேன்.

"தம்பி, அழ வேண்டியது அவன் தாத்தா. அன்னைக்கு அந்த மூஞ்சிய நீ பாத்திருக்கணும்" என்றார். பிறகு, "இப்ப அவங்க என்னைப் பாத்துப் பாவம்ங்கிறாங்களா?" என்று மட்டும் கேட்டார். கேட் திறந்தது.

மறு வருஷம் சம்பா நடவின்போது அத்தை போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் குரலைத்தான் சொன்னார்கள். கேட்டு அழுதோம், எவ்வளவு கெஞ்சியிருக்கிறார் பாவம் என்றார்கள். பண்ணை வீட்டுப் பேரனும் மாலையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னார். எங்க அத்தை கெஞ்சலைங்க, சிரிச்சாங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் ஆமாங்க என்று தலையாட்டினேன். தாத்தாவைப் பற்றிப் பேரனிடம் சொல்லக் கூச்சம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது கூச்சமில்லை, பழைய பயம். கார் கதவைத் திறந்து அவரை ஏற்றியும் விட்டேன்.

நடந்ததைப் படிக்கிறவர் தன் கண்ணீரை அதில் கலக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். அழுகை வந்தால் அது கேட்கிறவருக்கு வரட்டும். இந்தப் புத்தியை நான் அடைந்த விதம்தான் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் என்னை எழுத வைத்தது.

காரியம் முடிந்த அன்று சாயங்காலம் தனியாக வயலுக்குப் போனேன். மோட்டாரை நிறுத்திவிட்டு வரப்பில் நின்று அந்த வாக்கியத்தை அத்தை மாதிரி சொல்லிப் பார்த்தேன். 'ஐயா' வரும்போது குரல் தானாக இறங்கியது, கழுத்தும் கூடவே குனிந்தது. எதிரில் நட்ட பயிரைத் தவிர யாருமில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மறுபடி சொன்னேன்.