ஊர் மாப்பிள்ளைகளின் கார்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதமே என் கணவர் அடையாறில் ஒரு டாக்டரிடமிருந்து பதினாறு வயதான ஜெர்மன் கார் ஒன்றை வாங்கி வந்தார். பொத்தானை அழுத்தினால் மேல்கூரை தானாக மடிந்து டிக்கிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மந்தைவெளியில் எங்கள் தெரு முனை வேகத்தடையிலேயே அதன் அடிவயிறு உரசி அலறியது.

"ஏன்னா, இது நமக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு. நம்மாத்து மாப்பிள்ளை வாடகைக் கார்ல ஜானவாசம் வரப்படாது."

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு மாட்டி, திறந்த காரில் உட்காரவைத்து, நாதஸ்வரம் முன்னால் போக மண்டபத்துக்கு அழைத்துவருவதுதான் ஜானவாசம். அதற்காக ஒரு மனுஷன் காரே வாங்குவாரா? இவர் வாங்கினார்.

பெண் எங்களுக்கு அந்தச் சிரமத்தை வைக்கவில்லை. தன்னோடு வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை, சாந்தோமில் தலைமுறை தலைமுறையாக சர்ச்சுக்குப் போகும் குடும்பத்துப் பையனை, ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். நான் போய் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். இவர் அன்று காலை முழுக்க ஃப்ளாட்டின் கீழே காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை, சபிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பையனை "வாங்கோ சார், உக்காருங்கோ சார்" என்றார். அவ்வளவுதான். நாலு வருஷமாக அந்த "சார்" மாறவே இல்லை. பையனும் பதிலுக்கு "சரி சார்" என்பான். பெண் ஒருநாள் என்னிடம் சமையலறையில் சொன்னாள்: "அப்பா அவரை சார்ன்னு கூப்பிடற வரைக்கும் நான் இந்த ஆத்துல இலை போட்டுண்டு சாப்பிட மாட்டேம்மா." சொன்னபடியே செய்தாள். அசோக் நகரிலிருந்து வருவாள், நின்றுகொண்டே காபி குடிப்பாள், போய்விடுவாள். அவளுக்கு வாய்த்த பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை.

கார் சும்மா இருக்கவில்லை. சொந்தக்காரர்களில் யார் பிள்ளைக்குக் கல்யாணம் என்றாலும் முதல் பத்திரிகை எங்களுக்குத்தான் வரும், பத்திரிகையோடு கூடவே "அந்த ஓப்பன் கார்..." என்று ஓர் இழுப்பும் வரும். இவருக்கு மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. ஒவ்வொரு ஜானவாசத்துக்கும் ஏதாவது ஒன்று உடையும். மடித்த கூரைமேல் வாண்டுகள் ஏறி உட்கார்ந்ததில் ஒரு கீல் வளைந்தது. ஜன்னல் கண்ணாடி ஒருநாள் கதவுக்குள் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது. அதைத் தூக்கிவிட பதினெட்டாயிரம். கூரையை இயக்கும் எண்ணெய்க் குழாய் ஒழுகி, ஒரு மாப்பிள்ளையின் புதுக் கோட்டில் சொட்டியது. அந்தக் கோட்டுக்கும் நாங்கள்தான் தண்டம் அழுதோம்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் கூரை பாதி திறந்து, வாயைப் பிளந்தபடி நின்றுவிட்டது. ஆதம்பாக்கத்தில் பழைய வெளிநாட்டுக் கார்களை மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் டிக்கியைக் குடைந்து, மழைத் தண்ணீர் வடிய வேண்டிய குழாயிலிருந்து கறுத்துப்போன மல்லிகையும் ரோஜா இதழும் கைகையாக எடுத்து வெளியே போட்டார்.

"இன்னா சார், உள்ள பூக்கடையே கீது! தண்ணி போவ வழியில்லாம பம்ப்பு மோட்டார் முழுகிப்பூட்ச்சு."

புது பம்ப் ஒரு லட்சத்துக்கு மேல். பழசு ஒன்றைத் தேடிப்பிடித்து நாற்பத்தைந்தாயிரத்துக்குப் போட்டார். ரேடியேட்டர் விசிறியும் சோர்ந்துபோயிருக்கிறது, அடுத்து அதுதான் என்று எச்சரித்தார்.

"கல்யாணத்துக்கு வுடு சார், வேணாங்கல. ஆனா மூஞ்சில மட்டும் பூ கட்டாத. அது மூச்சு வுடறதே அங்கதான். ஆமா, ஊரு மாப்புள்ளைங்க எல்லாம் ஏறி எறங்கிக்கினு கீறாங்களே, உன் மாப்புள்ளைய ஏத்தினியா?"

"பில்லைப் போடுப்பா" என்றார் இவர்.

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கத்தினேன். இந்தக் காருக்குப் போட்ட பணத்தில் இன்னொரு காரே வாங்கியிருக்கலாம் என்று கத்தினேன். இவர் பேப்பர் படித்தார்.

போன தை மாதம் இவருடைய அண்ணா பேரனுக்கு மயிலாப்பூரில் கல்யாணம். இவரே ஓட்டினார். பூ அலங்காரக்காரர் காரின் முகப்பு முழுவதும் ரோஜாவைப் பாய் மாதிரி பின்னி, கட்டுக்கம்பியால் இறுக்கிவிட்டார். "மெக்கானிக் என்ன சொன்னான்?" என்று காதில் ஓதினேன். "ஒருநாள்தானேடி" என்றார். நாதஸ்வரக்காரர் ஒவ்வொரு முனையிலும் நின்று நிதானமாக ஊத, கார் ஊர்ந்தது. வடக்கு மாட வீதியை எட்டுவதற்குள் முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி. மாப்பிள்ளைப் பையன் இருமிக்கொண்டே குதித்து இறங்கினான். கெட்டிக்காரப் பையன், நல்ல நேரம் தப்பக் கூடாதென்று கோட்டோடு நடந்தே மண்டபத்துக்குப் போய்விட்டான். ஊர்வலம் முழுவதும் அவன் பின்னால் போயிற்று.

மிஞ்சியது பூவும் நாங்களும். இவர் மெக்கானிக்குக்கு போன் போட்டார்.

"ரேடியேட்டர் மூடியத் தொறந்துடாத சார், வெந்துடும். ஓரங்கட்டி ஆற வுடு. இன்னா, மூஞ்சில பூ கட்டினியா?"

இவர் போனை வைத்துவிட்டார். குடலிறக்க ஆபரேஷன் ஆன உடம்பு, தள்ளவும் முடியாது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் போய்ப் பாவமாக இருந்தது. அப்போது கல்யாணத்துக்கு வந்திருந்த எங்கள் பெண்ணும் அவள் புருஷனும் கூட்டத்திலிருந்து திரும்பி வந்தார்கள். அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, காரைத் தனியாளாகத் தள்ளி ஓரம் சேர்த்தான். பிறகு முன்னால் குனிந்து, சூடு ஆற ஆற, அந்தப் பூப்பாயை வெறும் கையால் பிய்த்தெடுத்தான். கம்பி கிழித்து இரண்டு விரலில் ரத்தம்.

"அரை மணி நேரம் ஆகட்டும் சார்" என்றான்.

வண்டி ஆறியது, இவர் கிளப்பிப் பார்த்தார், கிளம்பியது. உடனே கீழே இறங்கி, முன் சீட்டைச் சாய்த்து, பின் சீட்டுக்கு வழி விட்டு நின்றார். அது ஜானவாச மாப்பிள்ளை உட்காரும் இடம்.

"மாப்பிள்ளை, ஏறி உக்காருங்கோ" என்றார்.

அவன் அசையாமல் நின்றான். பெண்தான் அவன் முதுகில் கை வைத்து ஏற்றிவிட்டு, தானும் ஏறினாள். நான் முன்னால் உட்கார்ந்தேன். மண்டபம் இடப்பக்கம். இவர் நேராக விட்டார். கோயில் குளத்தைச் சுற்றி நாலு மாட வீதியும், நடக்கிற வேகத்தில், நாதஸ்வரம் இல்லாமல். பின்னால் ஒரு ஆட்டோக்காரர் பொறுமையிழந்து, "யோவ் பெர்சு, ஓட்டுறியா, உருட்டுறியா?" என்று கத்தினார். தெற்கு மாட வீதியில் வெப்ப முள் மறுபடி சிவப்பைத் தொட்டது.

"ஏன்னா, முள் ஏறிண்டிருக்கு."

"ஏறட்டும்" என்றார்.

எஞ்சினைத் திறந்து பார்த்ததில், சூட்டில் ஹெட் கேஸ்கெட் தகடு கருகிப்போயிருந்தது. விசிறியோடு சேர்த்து எழுபத்திரண்டாயிரம். நான் கத்தவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். விரலில் பிளாஸ்திரியோடு இருந்த மாப்பிள்ளைக்கு இலை போட்டு நான் நிமிர்ந்தபோது, பெண் அவன் பக்கத்தில் சப்பணம் கட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு இலை எங்கம்மா?" என்றாள்.